வெள்ளைக்கு அடியில் வயலட்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பாதிதான் சாப்பாட்டுக்கு. மறுபாதி என் கணவருக்கு. அங்கே பசை டப்பாவும் காலாவதியான வங்கி அட்டையும் கிழித்த காலண்டர் தாள்களும் எப்போதும் குவிந்து கிடக்கும். குப்பை என்று வாய்தவறிச் சொன்னால்கூட மனிதருக்கு முகம் சுருங்கிவிடும். 'பொருள்' என்றுதான் சொல்ல வேண்டும். "என் பொருளை யாரு நகர்த்தினது?" என்று கேட்பார். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். கண்ணைச் சோதித்து, கண்ணாடி வெட்டி, ஃபிரேமில் பொருத்தித் தருவார். லென்ஸ் வருகிற சின்னப் பழுப்பு உறைகளில் ஒன்றைக்கூடத் தூக்கிப் போட மாட்டார், எல்லாம் வீட்டுக்கு வந்துவிடும். நான் மழலையர் பள்ளி டீச்சர். பகல் முழுக்கக் குழந்தைகள் ஒட்டியதையும் கொட்டியதையும் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், தலை நரைத்த ஒரு குழந்தை இங்கேயும் ஒட்டிக்கொண்டும் கொட்டிக்கொண்டும் இருக்கும். என் ஹேர் டிரையரைத் தேடினால் அது பெயிண்டைக் காயவைத்துக்கொண்டிருக்கும். அவருடைய அண்ணன் அவரை 'நர்சரி' என்றுதான் கூப்பிடுவார். நான் கேலி செய்யலாம். அண்ணன் செய்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இவருடைய இந்த ஒட்டுப்பட வேலைக்கு ஒரு முறை உண்டு. நூலகத்தில் கழித்துக் கட்டிய கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்து, பக்கங்களை இரண்டிரண்டாக ஒட்டித் தடிமனாக்கிக்கொள்வார். அதில் முதலில் எழுதுவார். அன்றைக்கு மனதில் என்ன இருக்கிறதோ அது, திட்டோ புலம்பலோ, நிறுத்தாமல் பக்கம் நிறைய. எழுதி முடித்ததும் ஜெஸ்ஸோ என்கிற வெள்ளைப் பூச்சை ஊற்றி, வங்கி அட்டையால் வழித்து எழுத்தை மூடிவிடுவார். அந்த வெள்ளைக்கு மேலேதான் படம் ஆரம்பிக்கும். உறை ஒட்டுவார், நூல் தைப்பார், பல்துலக்கியால் வண்ணம் தெறிப்பார். அடியில் இருப்பதை அவரே மறுபடி படிக்க முடியாது. நானும் கேட்டதில்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற மனிதர், எங்கேயாவது கொட்டித்தானே ஆக வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

மாமியார் கடைசி வரை எங்கள் வீட்டில்தான் இருந்தார். நினைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போகிற வியாதி. குளிப்பாட்டுவது என் வேலை, ஊட்டுவது அவர் வேலை. பெரியவர், அதாவது அவருடைய அண்ணன், ஞாயிறுதோறும் தவறாமல் போன் செய்வார். பாதாம் ஊறவைத்துக் கொடுக்கலாம், குறுக்கெழுத்து போடச் சொல்லலாம் என்று யோசனைகளை வாரி வழங்குவார். ஆனால் அந்தக் கடைசி வருடம் முழுக்க ஒரு தடவைகூட வந்து எட்டிப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் ரயிலில் ஒரு பகல் பயணம்தான். மாமியார் இறந்த பிறகுதான் வந்தார், வந்து, துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்கு வரவேற்பறை நாற்காலிகளை எப்படிப் போட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இவரோ, அண்ணன் சொன்ன இடத்தில் நாற்காலியைப் போட்டார்.

அவர் ஊருக்குத் திரும்பிப் போன அன்று சாயங்காலம் இவர் மேஜையில் உட்கார்ந்து எழுதினார். அழுத்தி அழுத்தி எழுதினார். பாதியில் அவருடைய கறுப்புப் பேனா காய்ந்துவிட்டது. உதறிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். பிறகு என் பள்ளிப் பையைத் துழாவி, நான் சார்ட் எழுதுகிற வயலட் மார்க்கரை எடுத்தார். "அது தடிமனா எழுதுமே" என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசி வரியைப் பெரிய பெரிய எழுத்தில் எழுதி, மை உலர்வதற்குள் வெள்ளையை வழித்துவிட்டார்.

அந்தப் பக்கம் எப்படி அவ்வளவு அழகாக வந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மாமியாரின் நீலப் போர்வையில் ஒரு துண்டு வெட்டி ஒட்டியிருந்தார். அதன் பக்கத்தில் பழுப்பு உறையால் செய்த ஒரு காலி நாற்காலி. சுற்றிலும் வெறும் வெள்ளை, அவ்வளவுதான்.

சில மாதம் கழித்துப் பெரியவர் ஏதோ வேலையாக இந்தப் பக்கம் வந்தார். மேஜையில் விரிந்து கிடந்த புத்தகத்தைக் கேலி செய்வதற்காகத்தான் புரட்டினார். அந்தப் பக்கத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

"டேய், இது அம்மா போர்வைதானே?"

"ஆமா."

"நல்லாருக்குடா. ரொம்ப நல்லாருக்கு. இதை எனக்குத் தர்றியா? புது வீட்டு ஹால்ல மாட்டறேன்."

அண்ணன் வாயிலிருந்து இவர் கேட்ட முதல் பாராட்டு அதுவாகத்தான் இருக்கும். மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடியில் என்ன எழுதினோம் என்பதே அந்த நேரத்தில் மறந்துபோயிருக்க வேண்டும். பிளேடை வைத்துப் பக்கத்தைப் பதமாக அறுத்து, உறையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

இரண்டு மாதம் போயிருக்கும். என் ஓரகத்தி, பெரியவரின் மனைவி, எனக்குப் போன் செய்தாள்.

"ஏய், அந்தப் படத்துல வயலட் கலர்ல ஏதோ கசியுது. சுவத்துல ஈரமோன்னு பிளம்பரைக் கூப்பிட்டோம். அவன் தட்டிப் பார்த்துட்டு, சுவரு கல்லு மாதிரி இருக்கு, படத்துக்குத்தான் ஏதோ உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டுப் போயிட்டான்."

நான் இவரிடம் சொன்னேன். கையில் இருந்த பிரஷ் அப்படியே நின்றது.

"உன் மார்க்கர்" என்றார்.

"என் மார்க்கர் என்ன பண்ணுச்சு?"

அப்புறம்தான் விளக்கினார். அவருடைய கறுப்புப் பேனாவின் மை, காய்ந்தால் காய்ந்ததுதான். சார்ட் மார்க்கரின் சாயம் அப்படியில்லை. வெள்ளையின் ஈரத்தில் கரைந்து, அதனோடு ஒட்டிக்கொண்டு, நாள்பட மேலே ஏறி வந்துவிடும். இந்த வேலை செய்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயமாம். முதலில் வார்னிஷ் ஒரு கை அடித்துவிட்டுத்தான் வெள்ளை பூச வேண்டுமாம். அன்றைக்கு இருந்த ஆத்திரத்தில் அடிக்கவில்லை.

"அப்படி என்னதான் எழுதினீங்க?"

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அம்மா உன்னையே கேட்டுட்டு இருந்தாங்க. நீ ஏன் வரல?"

எனக்குத் திக்கென்றது. ஆனால் உண்மையைச் சொல்வதென்றால், அடுத்த நிமிஷமே உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் வந்தது. படிக்கட்டுமே! யாராவது ஒருத்தர் அவரைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்? நான் கேட்டால் வாயாடி என்பார்கள். மார்க்கர் கேட்டுவிட்டுப் போகட்டும்.

ஆனால் இவர் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் நிற்கவில்லை. "எனக்குன்னு கூடப்பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். இதைப் படிச்சா இனிமே போன்கூடப் பண்ண மாட்டான்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே வார்னிஷ், வெள்ளை டப்பா, பிரஷ் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிக்கொண்டு கிளம்பினோம். வழிநெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். "காத்துல இருக்கற ஈரத்துல கலர் கசிஞ்சிருக்குண்ணா, ஒரு மணி நேரம் குடு, சரி பண்ணிடறேன். இப்படிச் சொன்னா நம்புவான்ல?" நம்புவார் என்றேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

ஓரகத்தி கதவைத் திறந்தாள். ஹாலில் சோபாவுக்கு மேலே படம் இல்லை, ஆணி மட்டும் இருந்தது. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ளே இருக்கார்" என்றாள் அவள். "நாலஞ்சு நாளா அதையே மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். கேட்டா பேச மாட்டேங்கறார்."

பெரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஃபிரேமைக் கழற்றிவிட்டுப் படத்தைக் கையில் வைத்திருந்தார். காலி நாற்காலிக்குக் கீழே, வெள்ளையில் மங்கலாக, ஆனால் ஒரு எழுத்துகூட விடாமல் வயலட் வரி தெரிந்தது. இவர் ஒத்திகை பார்த்த வசனத்தில் "காத்துல" என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிட்டார்.

"நீ போட்டுக் குடுத்த கண்ணாடிதான்" என்றார் பெரியவர், மூக்கின் மேலிருந்ததைத் தொட்டு. "நல்லாத் தெரியுது."

படத்தை இவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"உன் வாய்க்கு என்னடா ஆச்சு? வாராவாரம் போன் பண்ணினேனே, அப்போ கேக்கறதுக்கு என்ன? எழுதி, பெயிண்ட் அடிச்சு மூடி, அதை எங்கிட்டயே குடுத்திருக்கே. நானும் ஹால்ல மாட்டி, வர்றவன் போறவனுக்கெல்லாம் தம்பி பண்ணினதுன்னு காட்டிட்டு இருக்கேன்!"

"நல்லாருக்குன்னு சொன்னே. அதான் குடுத்துட்டேன்" என்றார் இவர். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. "தப்புதான். குடுண்ணா, மூடிடறேன். வார்னிஷ் கொண்டு வந்திருக்கேன். இனிமே மேல வராது."

கையை நீட்டினார். பெரியவர் படத்தைக் கொடுக்கவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"பயந்துட்டேன்டா" என்றார்.

நாங்கள் நாற்காலிகளைப் பார்த்து மெதுவாக உட்கார்ந்தோம்.

"போன்ல என் குரல் அம்மாவுக்குத் தெரிஞ்சுது. 'பெரியவனா, சாப்பிட்டியா'ன்னு கேப்பாங்க. நேர்ல வந்து நின்னா, முகம் தெரியாம, யாருப்பா நீன்னு கேட்டுட்டா? அதை என்னால தாங்க முடியாதுன்னு தோணுச்சு. ஒவ்வொரு வாரமும் டிக்கெட் எடுப்பேன். எடுத்துட்டு ரத்து பண்ணிடுவேன். இவளுக்குக்கூடத் தெரியாது."

ஓரகத்தி வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

ஒரு வருடமாக நான் சேர்த்து வைத்திருந்த கோபம். என்னென்ன கேட்க வேண்டும் என்று பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்லிப் பார்த்த கோபம். அதை எங்கே கொண்டு போய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. முழுசாகப் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன்.

"என்னையும்தான் தெரியல" என்றார் இவர்.

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தினமும் கேட்டாங்கண்ணா. ஊட்டும்போதெல்லாம், நீங்க யாருன்னு மரியாதையாக் கேப்பாங்க. உன் குரலைத் தெரிஞ்ச அளவுக்குக்கூட என் முகம் தெரியல."

"நீ என்ன சொன்னே?"

"முதல்ல, உங்க சின்னப் பையன்மான்னு சொல்லிப் பார்த்தேன். அவங்க பயந்து போய் வாயை மூடிக்கிட்டாங்க. சாப்பிடலை. அப்புறம், கண்ணாடிக் கடைக்காரன்மா, உங்க கண்ணு எப்படி இருக்குன்னு பார்க்க வந்தேன்னு சொன்னேன். சிரிச்சாங்க. வாயைத் திறந்தாங்க. அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் அப்படியேதான் சொன்னேன்."

அந்தக் கண்ணாடிக் கடைக்காரர் குரலைச் சமையலறையிலிருந்து நான் தினமும் கேட்டிருக்கிறேன். ஏதோ விளையாட்டு என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். அவர் மகன் என்கிற இடத்தை விட்டுக் கொடுத்துத்தான் ஒவ்வொரு வாயும் ஊட்டினார் என்று எனக்குப் புத்தியில் உறைக்கவே இல்லை. கூடவே இருந்த எனக்கே உறைக்கவில்லை.

பெரியவர் அழுதார். நாற்காலி போடச் சொல்லிக் கொடுத்த மனிதர், தோள் குலுங்க, சத்தமாக அழுதார். இவர் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றார். தொடலாமா என்று யோசித்து, கடைசியில் அண்ணனின் மூக்கிலிருந்த கண்ணாடியை மெல்லக் கழற்றி, தன் சட்டை நுனியால் துடைத்துத் திருப்பிப் போட்டுவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் இவருக்குப் பையின் நினைவு வந்தது. வெள்ளை டப்பாவை எடுத்து மூடியைத் திருகப் போனார்.

"அதை உள்ளே வை" என்றார் பெரியவர். எழுந்து, படத்தை மறுபடி ஃபிரேமில் செருகி, பின்பக்க ஆணிகளை விரலாலேயே அழுத்தினார். ஹாலுக்குப் போய் இருந்த இடத்திலேயே மாட்டினார். தள்ளி நின்று பார்த்து, ஒரு பக்கம் சாய்ந்திருந்ததை நிமிர்த்தினார்.

"இன்னும் கருக்கும்ணா" என்றார் இவர். "போகப் போக நல்லாப் படிக்கற மாதிரி ஆயிடும்."

"ஆகட்டும்."

ஓரகத்திக்குப் பொறுக்கவில்லை. "ஹால்லயா? நாலு பேரு வர்ற இடம். என்ன எழுதியிருக்குன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

பெரியவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தம்பி கேட்டிருக்கான்னு சொல்லு" என்றார்.