பூஜையில் வைத்த அளவு அட்டைகள்

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே சீருடை தைத்துக் கொடுக்கும் பழனியப்பன் முதலாளியின் கடைக்கு அந்த மெஷின் வந்த அன்றே நல்லம்மாள் தன் வேலை போயிற்று என்று முடிவு கட்டிவிட்டாள். அது பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் மெஷின். அவள் ஊசியும் நூலுமாக ஒரு காஜாவோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் அது ஒரு சட்டை முழுவதற்கும் தட்டி எடுத்துவிட்டு, அடுத்தது எங்கே என்பதுபோல் நின்றது. ரப்பர் விலை விழுந்து, எஸ்டேட் ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். புருஷன் இல்லாத அவளையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் இங்கே பிடித்து வைத்திருந்தது அந்தக் காஜா வேலைதான். அது போனால் அவர்களுக்கும் கப்பல்தான்.

கட்டிங் மாஸ்டர் அய்யாவு மட்டும் சிரித்தார்.

"பயப்படாத தங்கச்சி. மெஷின் காஜா எடுக்கும், துணி வெட்டுமா? போர்ட்டர், ரயில் கார்டு எல்லாருக்கும் அளவு அட்டை என்கிட்டதான் இருக்கு. அது இல்லாம ஒரு காக்கிச் சட்டை வெளிய போவாது."

வாஸ்தவம்தான். துணிமேல் வைத்துக் கோடு போட்டு வெட்டுவதற்காக, வருஷக்கணக்காகத் திருத்தித் திருத்தி அவரே செய்த அட்டைகள். முதலாளி எத்தனையோ தரம் கேட்டும் அவற்றைக் கடையில் விட்டுவைத்ததில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார், வேலை முடிந்ததும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார். கொஞ்ச நாளாக முதலாளி கேட்பதையும் விட்டுவிட்டார். சிங்கப்பூரில் கரண்டில் ஓடும் மெஷின்களை வரிசையாகப் போட்டு அவர் தம்பி கொட்டகை கட்டுகிறார் என்று பேச்சு அடிபட்டது. யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆயுத பூஜை வந்தது. அந்த வருஷம் முதலாளியின் கை ரொம்பத் தாராளம். பொரி, சுண்டல், ஆளுக்கொரு புதுத்துணி. புது மெஷினை நடுவில் வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டார்கள். சுற்றிலும் கத்தரிக்கோல்கள், இஸ்திரிப் பெட்டி, நல்லம்மாளின் ஊசி. அய்யாவு வெறுங்கையோடு வந்து நின்றார்.

"அட்டை எங்கண்ணே?" என்றாள் நல்லம்மாள்.

"வீட்டுலயே இருக்கட்டும் தங்கச்சி."

"நல்லாருக்கே! சோறு போடுற பொருளைச் சாமி முன்னால வைக்காம பூட்டி வைக்கிறதா? அந்த மெஷினுக்கே பூவும் பொட்டும் வச்சிருக்காங்க. போய் எடுத்துட்டு வாங்கண்ணே."

அவளுக்கும் அந்த அட்டைகள்தான் காவல். சரஸ்வதியின் கண் அவற்றின்மேல் படட்டும் என்று நினைத்தாள், பாவி மகள்.

அய்யாவு தலையைச் சொறிந்துகொண்டே போய் எடுத்து வந்தார். முதலாளி எழுந்து வந்து, இரண்டு கையாலும் வாங்கி, மெஷின் பக்கத்தில் வைத்துத் தாமே பொட்டும் வைத்தார். பிறகு நல்லம்மாளைப் பார்த்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் அவளுக்கு என்னவோ போலிருந்தது. பூஜை நேரத்தில் கெட்ட நினைப்பா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது. அவர்கள் யாரும் தொடவில்லை. கதவைப் பூட்டிச் சாவியை முதலாளி மடியில் செருகிக்கொண்டார்.

விஜயதசமியன்று முதல் காஜா எடுக்க நல்லம்மாள் தலைக்குக் குளித்துவிட்டு அய்யாவுவோடு முதல் ஆளாக வந்தாள். கணக்கப்பிள்ளை சபாபதி கதவைத் திறந்துவிட்டு முகத்தை எங்கோ வைத்துக்கொண்டார். பழைய தையல் மெஷின்கள் சுவரோரம் அப்படியே நின்றன. புது மெஷின் இருந்த இடத்தில் கொஞ்சம் சந்தனம் ஒட்டியிருந்தது. அட்டைகள் இல்லை.

"ராத்திரி மெயில் வண்டியிலயே மொதலாளி சிங்கப்பூர் போயிட்டாரு," என்றார் சபாபதி. "இனிமே ரயில்வே உடுப்பெல்லாம் அங்கதான். இங்க கடை இல்ல. அவங்கவங்க சாமானை எடுத்துக்குங்க."

அய்யாவு நல்லம்மாளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வெறும் கக்கத்தை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

நல்லம்மாள் பூஜைப் பலகையைப் பார்த்தாள். குங்குமம் வைத்த அவளுடைய ஊசி வைத்த இடத்திலேயே கிடந்தது. அதை எடுத்துப்போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.