சாகாத தட்டு

2019 மார்ச் 14, வியாழக்கிழமை, காலை ஒன்பதே காலுக்குச் செல் வளர்ப்பறையின் பொறுப்பாளர் இன்குபேட்டரைத் திறந்து, ஏழாம் எண் தட்டை எடுத்து நுண்ணோக்கியின் அடியில் வைத்தார். ஒருவரின் எலும்பு மஜ்ஜையிலிருந்து அந்த அம்மையார் மூன்றாண்டுகளாக வளர்த்துவந்த நோயெதிர்ப்புச் செல்கள் அதில் இருந்தன. வளர்ச்சியைத் தூண்டும் புரதத்தைச் சேர்க்காவிட்டால் அவை மூன்று நாளில் மடிய வேண்டும். அதைச் சரிபார்க்கவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு தட்டை அவர் பட்டினி போடுவார். இந்தத் தட்டுக்கு இன்று பட்டினியின் ஐந்தாம் நாள். தட்டில் எள் விழ இடமில்லை. செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன.

பக்கத்து மேசையில் புற்றுநோய்ச் செல்களை வளர்க்கும் ஆய்வாளர் எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, பட்டினி கிடந்தும் கொழுகொழுன்னு இருக்கு? யாரு திருட்டுத்தனமா சோறு போட்டது?"

"விளையாடாதே தம்பி. இது என் செல் இல்ல. உன்னோடது."

"என்னோடது அங்க எப்படி வரும்? அடுத்தவன் பாட்டிலைத் தொட்டாலே கையை வெட்டுற ஆளாச்சே நீங்க!"

நவம்பரில் செல்களுக்கு உணவான ஊட்டநீர் தீர்ந்துபோன ஒரு மாலை, பொறுப்பாளர் தாம் வகுத்த விதியைத் தாமே மீறி, ஆய்வாளரின் பாட்டிலிலிருந்து எடுத்துத் தம் செல்களுக்கு ஊற்றியிருந்தார். ஒரே ஒரு முறை. அதில் ஒரு புற்றுநோய்ச் செல் மிதந்திருந்தாலே போதும். வேகமாகப் பெருகும் அது மற்றவற்றை இருந்த இடம் தெரியாமல் ஆக்கிவிடும். டிசம்பரில் அந்தச் செல்களை நம்பித்தான் புதிய மருந்தின் பாதுகாப்பான அளவு குறிக்கப்பட்டது. அம்மருந்து தூண்டுவது நோயெதிர்ப்புச் செல்களைத்தான்; புற்றுநோய்ச் செல்கள் அசையாமல் கிடந்ததைப் பார்த்து அளவை மிக அதிகமாக வைத்திருக்கலாம். இன்று பத்து மணிக்கு மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு அதை ஏற்றப் போகிறார்கள். எல்லாவற்றையும் அவர் ஆய்வாளரிடம் சொன்னார்.

"டெஸ்ட் பண்ணி உறுதிப்படுத்த ரெண்டு நாளாகும்க்கா. அதுவரை வாயைத் திறக்காதீங்க. மூணு வருஷ உழைப்பு, உங்க பேரு..."

"ரெண்டு நாள் கழிச்சு அந்த மனுஷன் இருப்பாரா?"

பொறுப்பாளர் தொலைபேசியை எடுத்தார். மறுமுனையில் மருத்துவர் உற்சாகமாகப் பேசினார்.

"படுக்கை காலியா இருந்துச்சு மேடம், ஒன்பதுக்கே ஆரம்பிச்சுட்டோம். பாதி ஏறியாச்சு."

"உடனே நிறுத்துங்க. எப்படி இருக்கார்?"

"நல்லாத்தான் இருக்கார். இப்பதான் குளிருதுன்னு போர்வை கேட்டார். ஏன் மேடம்?"

பிற்பகல் மூன்று மணிக்குக் கூடிய மருந்துச் சோதனைக் குழு முடிவெடுத்தது: மீதமுள்ள ஐந்து நோயாளிகளுக்கும் மருந்து தரப்படாது; குளிர் கூடித் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்ட முதல் நோயாளி அங்கேயே வைத்துக் கவனிக்கப்படுவார்; செல்களை உறுதிப்படுத்தும் சோதனைக்கான மாதிரியை எடுத்தபின் நவம்பருக்குப் பிந்தைய தட்டுகள் அனைத்தும் அழிக்கப்படும்; அச்செல்களை இங்கிருந்து பெற்ற வேறு நான்கு ஆய்வகங்களுக்கும், பிழை யாருடையது என்பது உட்பட, பொறுப்பாளரே தம் கையொப்பத்துடன் எழுதுவார்.