திம்புள்ளைக்கு மேலே கறுப்புத் தூண்கள்

ஆகாயத்தில் போன விமானத்துக்கு மூக்கணாங்கயிறு போட்டு இழுத்தவன் நான். அப்போது இலங்கை மலைநாட்டு விமானத் தொடர்பு நிலையங்களுக்கெல்லாம் நானே மேலதிகாரி.

ஐம்பத்தொன்பதில் ஒரு காலை, பனிமூட்டத்துக்கு மேலே ஒரு சிறு விமானம் வழி தெரியாமல் சுற்றியது. உள்ளே ஆறு பேர், எண்ணெயும் தீர்ந்துகொண்டிருந்தது. தலவாக்கலையிலிருந்து மேற்கே ஹட்டனுக்கு அப்பால் வரை உள்ள தேயிலைத் தொழிற்சாலைகளுக்கெல்லாம் டெலிபோன் போட்டு, அடுப்பில் பழைய லொறி டயரைப் போடச் சொன்னேன்.

"தூளெல்லாம் புகை நாறிடுமுங்க. தொரை என் தோலை உரிச்சிடுவாரு," என்றார் டெலிபோனில் ஒரு தொழிற்சாலையின் டீமேக்கர் ஆண்டியப்பன்.

"உரிச்சா நான் தைச்சுத் தர்றேன். போடுங்க."

ஹெட்போனோடு இருந்த என் உதவியாளர் ஜெயரத்தினம் இல்லையென்று தலையாட்டினார். "உந்தப் பனியைத் தாண்டிப் புகை எழும்பாது, சேர். வீண் வேலை."

"பைலட்டைப் புகையைப் பிடிச்சிக்கிட்டே மேற்கே போகச் சொல்லுங்க. கடற்கரையில பனி இல்ல, இறங்கிடலாம்," என்றுவிட்டு வெளியே வந்தேன். எங்கள் நிலையத்துக்குக் கீழே திம்புள்ளைப் பள்ளத்தாக்கெங்கும் பனி, வெள்ளைக் கடல். அதைத் துளைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கறுப்புத் தூண்கள் எழுந்தன. ஆகாயத்தையே அவைதான் தாங்குவது போலிருந்தது. விமானம் தூணுக்குத் தூண் தாவி, மேற்கே மறைந்தது.

வெகுநேரம் கழித்து ஜெயரத்தினம் வாசலுக்கு வந்தார்.

"கடல் தெரியுதாம், சேர். ஆறு பேரும் தப்பீட்டினம். நான்தான் நம்பேல்லை, உண்மையா நடந்திட்டுது."