ஒரே வீட்டு நேற்று

என் வீட்டுக்காரர் எழுந்து நின்று வாசித்த முதல் வாக்கியத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "ஐ வோக் அப் அட் ஃபைவ்." ஐந்து மணிக்கு எழுந்தாராம். ஏழரைக்குப் போர்வையை உருவி எழுப்பியவள் நான்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பதினாறு வருஷமாகப் படுக்கை விரிப்பு வெளுக்கிறேன். ஷிஃப்ட் மேற்பார்வைக்குப் போவதென்றால், அன்றைக்கு நடந்ததை இங்கிலீஷில் எழுதி வைக்கத் தெரிய வேண்டும் என்றார்கள். அதற்குத்தான் இந்த மாலை வகுப்பு. "துணைக்கு வர்றேன்" என்று அவரும் சேர்ந்துகொண்டார். இன்று இறந்தகாலப் பரீட்சை: நேற்று செய்ததைப் பத்து வாக்கியமாக எழுதி வந்து வாசிக்க வேண்டும். தேறினால்தான் சான்றிதழ். முன்வரிசை ஆண்களிடமிருந்து தொடங்கினாள் மிஸ்.

ஐ குக்டு. ஐ வாஷ்டு. ஐ ஸ்வெப்ட். அவர் வாசித்துக்கொண்டே போனார். பத்தும் என்னுடையவை. காலையில் நான் துணி உலர்த்தப் போன நேரத்தில் என் நோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஒன்பதாவதில் தம் அம்மாவைக் குளிப்பாட்டினார். பத்தாவதில் அம்மாவின் கால் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டார்.

"இப்படியும் ஒரு மனுஷனா" என்று பின்வரிசைப் பெண் ஒருத்தி கை தட்ட, வகுப்பே தட்டியது. மிஸ் என் பக்கம் திரும்பி, "குடுத்து வெச்சவங்க நீங்க" என்றாள்.

கொடுத்துத்தான் வைத்திருக்கிறேன், இருபத்தெட்டு வருஷமாக.

என் முறை வந்தது. மூன்றாவது வாக்கியத்தில் மிஸ் நிறுத்தினாள்.

"அக்கா, சார் எழுதினதையே வாசிக்கிறீங்க."

"நான் எழுதினது மிஸ் அது."

அவர் திரும்பி, பெருந்தன்மையாகச் சிரித்தார். "விடுங்க மிஸ். ஒரே வீட்டுல ரெண்டு நேத்தா இருக்கும்?"

வகுப்பு சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தாள். "காப்பி அடிச்சா மார்க் போட முடியாதுக்கா. அடுத்த வருஷம் பாப்போம்" என்று என் பெயருக்கு நேரே கோடு இழுத்தாள்.

சலவைக்கூடத்து வெந்நீர்த் தொட்டியின் மூடியைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்குமே, அப்படி ஏறியது சூடு. அவர் செய்யாததையெல்லாம் நான் செய்தேன், வாயைத் திறக்கவில்லை. இப்போது நான் செய்ததையும் அவரே செய்தாராம். இடுப்பு வலி மட்டும்தான் எனக்கா?

"உக்காரும்மா. வீட்ல பேசிக்கலாம்" என்றார்.

"வீட்ல பேசினதெல்லாம் போதுங்க." நான் உட்காரவில்லை. "மிஸ், அவரை ஒரே ஒரு கேள்வி கேளுங்க. இங்கிலீஷ்ல வேணாம், நம்ம பாஷையிலயே சொல்லட்டும். அவங்க அம்மாவுக்கு எந்தக் கால்ல புண்ணு?"

மிஸ் சிவப்புப் பேனாவை மூடாமல் அவரைப் பார்த்தாள். அவர் எழுந்தார். என்னைப் பார்த்தார். வங்கியில், ஆஸ்பத்திரியில், பிள்ளை எந்த வகுப்பு என்று யாராவது கேட்கும்போது பார்ப்பாரே, அதே பார்வை. எப்போதும் சன்னமாக எடுத்துக் கொடுத்துவிடுவேன். இன்று உதட்டை இறுக்கிக்கொண்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் கை இடது முழங்காலைத் தொட்டது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், மெல்ல வலது காலுக்கு நகர்ந்தது.