உள்பக்கம் சாவித்துளை இல்லாத பூட்டு

மூன்று மாதத்துக்குள் இருபது பூட்டு விற்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பையையும் மாதிரிப் பூட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இன்று கடைசி நாள். அவள் பத்தொன்பது விற்றிருந்தாள்.

காலையில் அக்கா புருஷன் ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டார்.

“ஊருக்கெல்லாம் பூட்டு விக்கிறியே, உனக்குன்னு ஒரு கதவு எப்பம்மா?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அக்கா சிரிக்கவில்லை. பூட்டு விற்பவளும் அவள் மகளும் அக்கா வீட்டுக் கூடத்தில் படுக்க ஆரம்பித்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

முதல் வாரம் அழைப்பு மணியை அழுத்திவிட்டு, யாரும் திறக்கக்கூடாது என்று மனதுக்குள் கெஞ்சியவள் அவள். இப்போது மணியடித்ததும் ஓரடி பின்னால் நகர்ந்து நிற்கிறாள். வாடிக்கையாளரின் கடைசி வார்த்தைகளை அப்படியே திருப்பிச் சொல்கிறாள். அவர்கள் தொடர்ந்து பேசுகிறார்கள். விலையைச் சொன்னதும் வாயை மூடிக்கொள்கிறாள். அதற்குப் பிறகு யார் முதலில் பேசுகிறார்களோ அவர்கள் தோற்றார்கள். கையெழுத்து விழும்வரை, பதில் தனக்குச் சாதகமாக இருக்காது என்று தெரிந்த கேள்வியைக் கேட்பதில்லை.

மேலாளருக்கு விற்பனைப் பிரிவில் ஆமாசாமி என்று பெயர். அவர் யாருக்கும் ஆமாம் போட்டதில்லை. எதிராளி மூன்று முறை ‘ஆமா’ சொல்லாமல் பூட்டைப் பைக்கு வெளியே எடுக்காதே என்பது அவர் சட்டம்.

அன்று பதினான்கு வீடுகள் வேண்டாம் என்றன. பதினைந்தாவது, ஒரு பல் டாக்டர் வீடு. மதியம் மூன்றரை. கதவைத் திறந்த டாக்டருக்கு ஐம்பது வயது இருக்கும். கையில் சோப்பு வாசனை.

“பூட்டா? உள்ள வாங்கம்மா.”

இவ்வளவு சுலபமாக யாரும் கூப்பிட்டதில்லை.

வாசற்கதவை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடைவழியின் கடைசி அறைக்குக் கூட்டிப்போனார். கதவின் வெளிப்பக்கம் இரண்டு தாழ்ப்பாள்கள். ஒன்று வளைந்திருந்தது. அதைச் சுற்றி மரம் பிளந்திருந்தது.

“இதுக்குத்தான். தம்பி உள்ள இருக்கான். மனசு சரியில்ல. வெளிய போனா அவனுக்குத்தான் ஆபத்து.”

“அவருக்குத்தான் ஆபத்து.”

“ஆமா.”

ஒன்று.

“பழைய தாழ்ப்பாள் தாங்கல போல.”

“ஆமா. எப்படி வளைச்சிருக்கான் பாருங்க.”

இரண்டு.

“பலமா ஒன்னு மாட்டிட்டா நீங்க கவலையில்லாம கிளினிக் போகலாம், இல்லையா சார்?”

“ஆமாம்மா. அடுத்தவன் வாயில கைய வெச்சுக்கிட்டு நிக்கும்போதுகூட நெனப்பு இந்தக் கதவுமேலதான்.” அவர் சிரித்தார். பற்கள் வரிசையாக இருந்தன.

மூன்று. பூட்டை எடுத்தாள். வழக்கமாக வீடுகளுக்கு விற்கும் வகை அல்ல; இதில் சாவி வெளிப்பக்கம் மட்டும். உள்ளே மொட்டையான எஃகு வட்டம்தான் தெரியும். கிடங்குகளுக்காகச் செய்தது. ஆள் படுக்கும் அறைக்கு அவள் அதை விற்றதில்லை.

மாதிரியைக் கதவின் விளிம்பில் திருகினாள். வாடிக்கையாளர் தன் கையால் பூட்ட வேண்டும். விற்பவர் மறுபக்கம் நின்று தோளால் முட்டிக் காட்ட வேண்டும். எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்வாள்.

“நான் உள்ள போறேன். நீங்க பூட்டுங்க சார்.”

“நீங்களா?”

“எப்பவும் அப்படித்தான் சார்.”

அவர் தாழ்ப்பாள்களை நீக்கினார். உள்ளே போன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அதற்குள் சாவி திரும்பிவிட்டது.

பல்பு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். கட்டிலில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். நாற்பதைத் தாண்டியவன். சட்டைப் பித்தான்களைக் கழுத்துவரை போட்டிருந்தான். எழுந்து அருகில் வந்தான்.

“அக்கா, பூட்டு விக்க வந்தீங்களா?” என்று மெல்லக் கேட்டான்.

“ஆமாங்க.”

“இத உள்ளயிருந்து திறக்க முடியுமா?”

சாவி இல்லாமல் திறக்க முடியுமா என்பது நூறு பேர் கேட்ட கேள்வி. பதில் தானாக வந்தது.

“முடியவே முடியாதுங்க. அத்தனையும் எஃகு. கடப்பாரை போட்டாலும் கதவுதான் உடையும், பூட்டு அசையாது.”

அவன் அவள் வாயையே பார்த்தான். தான் சிரித்துக்கொண்டிருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“இந்த வீடு என் பேர்ல இருக்கு,” என்றான். “எந்த வைத்தியரும் என்னைப் பாத்ததில்ல. எந்த ஆஸ்பத்திரியில காட்டினீங்கன்னு அண்ணன்கிட்ட கேளுங்க. ஒரு பேர் சொல்லட்டும். சொல்லலேன்னா வெளிய போய் யார்கிட்டயாவது சொல்லுங்கக்கா.”

“முட்டுங்கம்மா, பாப்போம்!” வெளியிலிருந்து டாக்டர்.

முட்டினாள். இரண்டாவது முறை பலமாக. கதவு அசையவில்லை.

“பாத்தீங்களா சார்? இப்பத் திறங்க.”

சாவி திரும்பவில்லை.

“சார்?”

அவர் மூச்சு விடுவது கேட்டது. கதவுக்குப் பக்கத்திலேயே நின்றார். அந்த மௌனம் அவளுக்குத் தெரிந்த மௌனம். விலையைச் சொன்ன பிறகு அவள் காப்பது. இம்முறை முதலில் பேசியவள் அவள்.

மூன்றாவது முறை கூப்பிட வாயெடுத்தபோது சாவி திரும்பியது. அவள் வெளியே வந்ததும் டாக்டர் மறுபடியும் பூட்டினார்.

“நல்ல பூட்டு. என்ன சொன்னான்?”

எந்த ஆஸ்பத்திரி சார்? மூன்றே வார்த்தை. நாக்கு நுனியில் இருந்தது. பூட்டுக்குக் கீழே, கதவின் இடுக்கில், உள்ளே நிற்பவனின் நிழல் தெரிந்தது. அவன் காத்திருந்தான்.

“பூட்டு பலமான்னு கேட்டார் சார்.”

“நீங்க?”

“பலம்னு சொன்னேன்.”

டாக்டர் படிவத்தை வாங்கி வரிவரியாக நிரப்பினார். ஓரிடத்தில் பேனா நின்றது.

“அறையின் பயன்பாடுன்னு போட்டிருக்கே, என்ன எழுத?”

“சாமான் அறைன்னு எழுதுங்க சார். எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க.”

யாரும் எழுதியதில்லை.

கையெழுத்து விழுந்தது. இருபது. கதவுக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

“நாளைக்குக் காலையில மாட்டட்டுமா, சாயந்திரமா சார்?”

“இப்பவே.”

துளையிடும் எந்திரம் பையில் இருந்தது. ஓட்டை போட்ட கதவுக்காரன் மனசு மாற மாட்டான் என்று நிறுவனம் எல்லோருக்கும் ஒன்று கொடுத்திருந்தது. அவள் அளந்து குறித்தாள். மாதிரியைக் கழற்றியதும் டாக்டர் தாழ்ப்பாளைப் போட்டுக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். எந்திரம் மரத்தைக் குடைந்தது. தூள் அவள் முழங்காலில் கொட்டியது. கதவைத் துளைத்து மறுபக்கம் போனதும் எந்திரத்தின் சத்தம் மாறியது. நிறுத்தினாள்.

ஓட்டையின் வழியாகப் பல்பு வெளிச்சம் வந்தது. பிறகு மறைந்தது. அங்கே ஒரு கண் இருந்தது.

அவள் மண்டியிட்டபடி இருந்தாள். டாக்டர் பின்னால் நின்றார்.

“கொஞ்சம் தள்ளிக்கங்க சார்,” என்றாள் ஓட்டையைப் பார்த்து. எல்லா வீடுகளிலும் பேசும் அதே குரல். “தூள் கண்ணுல பட்டுடும்.”

கண் நகரவில்லை. அவள் ஓட்டையில் பொருத்த வேண்டிய பூட்டின் உருளையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்க அவளுக்குத் தெரியும்.

ஓட்டையில் மறுபடி வெளிச்சம் வந்தது.