அகத்தா மறித்த எண்ணெய்

1

இந்தக் கதை எனக்குக் கல்யாணப் பந்தியில் கிடைத்தது. எண்பத்து நாலில், மலேசியாவில், சுங்கைப்பட்டாணியில். பக்கத்து இலையில் டாக்டர் பரஞ்சோதி, இதய ஆபரேஷன் செய்கிறவர். வால்வில் கிருமி பிடித்த நோயாளி வந்தால், கத்தி எடுக்குமுன் மனசுக்குள் கணக்குப் போட்டுவிடுவாராம்: வயசு, சிறுநீரகம், மூச்சுத்திணறல், கிருமி எந்த ஜாதி. அப்புறம் வீட்டாரிடம், பத்தில் ஆறு பேர் பிழைப்பார்கள் என்று சொல்லிவிடுவாராம். அந்த ஆறை வைத்துக்கொண்டு வீட்டார் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். மனுஷன் ரசம் ஊற்றச் சொன்னார். எனக்கு வந்ததே கோபம்! வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

2

"கெடாவின் பச்சைப் பசேலென்ற ரப்பர்க் காடுகளின் நடுவே..." (போதும். ரப்பர் மரம் இல்லாவிட்டால் நம்மூர்க் கதை ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது.)

மறுபடியும். சுங்கைப்பட்டாணியை அடுத்த பாக்கார் ஆராங்கில் ஸ்கூல் பஸ் ஓட்டும் மோரிஸுக்குப் பல் பிடுங்கியதிலிருந்து விட்டுவிட்டுக் காய்ச்சல். கிருமி ரத்தத்தோடு போய் இதய வால்வை அரித்துவிட்டது. கோலாலம்பூரில் சேர்த்தார்கள், மறுநாள் காலை ஆபரேஷன். டாக்டருக்கு வேறெங்கே போவேன்? பந்தியில் இருந்த பரஞ்சோதியையே வெள்ளைக் கோட்டு மாட்டிக் கூட்டிவந்தேன். அவரும் அதே ஆறைச் சொன்னார்.

மோரிஸின் மனைவி அகத்தா கேட்டாள்: "இவரு அந்த ஆறுல இருக்காரா, நாலுலயா டாக்டர்?"

அவருக்குத் தெரியவில்லை. எழுதுகிற எனக்கும்தான்.

3

அகத்தாவை முதலில் அழுகிறவளாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவள் வாய்க்காரி, ஒருத்தருக்கும் அடங்கமாட்டாள். பயப்படுவது ஒன்றே ஒன்றுக்குத்தான், எண்ணெய்க்கு.

[அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: வேதக்காரர் வீட்டில் நோயாளிக்கு ஃபாதர் நெற்றியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் பூசி ஜெபிப்பார். குணமாவதற்குத்தான் என்று கோயிலில் தலைபாடாய் அடித்துக்கொள்கிறார்கள். நம் சனம் கேட்குமா? சாகிறவனுக்குத்தான் அந்த எண்ணெய் என்று நினைத்து, 'அவஸ்தை கொடுத்தாச்சா' என்று விசாரித்துவிட்டு, பந்தல்காரனைத் தேடும்.]

அகத்தாவின் அப்பா எண்ணெய் பூசிய அன்றைக்கே போய்ச் சேர்ந்தவர். ஆகவே சாயங்காலம் ஃபாதர் சில்வெஸ்டர் வார்டு வாசலில் வந்து நின்றதும், குறுக்கே கையை நீட்டி மறித்துவிட்டாள். இன்னும் அதுக்கு நேரம் வரவில்லை, வீட்டுக்குப் போங்கலா ஃபாதர் என்றாள். அவர் சங்கடத்தோடு கட்டிலைப் பார்த்தார்.

4

(மரணத்தை எள்ளி நகையாடிய மோரிஸ், தன் மனைவியை நோக்கி... பொய். அடித்துவிட்டேன். மூச்சுக்குத் தவிக்கிறவன் எதை எள்ளி நகையாடுவான்?)

அவன் மெதுவாகச் சொன்னது இவ்வளவுதான்:

"நான்தான் வரச் சொன்னேன் அகத்தா. பயமா இருக்குடி. சாகறதுக்கு இல்ல இந்த எண்ணெய். நாளைக்கு ஆபரேஷன் ரூமுக்குள்ள நீ வர முடியாதில்ல, அதுக்கு."

அகத்தா கையை இறக்கினாள். கோபம் தீரவில்லை, கண் மட்டும் வழிந்தது. மோரிஸுக்குக் கையைத் தூக்கத் தெம்பில்லை. ஃபாதர் பூசி முடிக்கும்வரை அவனுடைய இரண்டு உள்ளங்கைகளையும் அவளே ஏந்திப் பிடித்திருந்தாள். இந்த இடத்தை எழுதும்போது எனக்கு அவர்கள் இரண்டு பேர்மீதும் அப்படியொரு பிரியம் வந்தது.

5

முடிவு இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்றில் மோரிஸ் சட்டைப் பொத்தானைத் திறந்து தழும்பைக் காட்டி ஊரெல்லாம் பெருமையடிக்கிறான். இன்னொன்றில் அகத்தா தனியாக...

இல்லை. அந்த வாக்கியத்தை நான் முடிக்கமாட்டேன்.

விடிந்ததும் அகத்தா தள்ளுகட்டிலோடு ஆபரேஷன் அறைக் கதவுவரைக்கும் நடந்தாள். கதவைச் சாத்திவிட்டார்கள். அதற்கு மேல் போக எனக்கும் துணிச்சல் இல்லை. நீங்கள் போங்கள். உள்ளே எது நடக்க வேண்டுமென்று நினைக்கிறீர்களோ, அதையே முடிவாக வைத்துக்கொள்ளுங்கள், நான் கேட்கப்போவதில்லை. ஆனால் வெளியே பெஞ்சில் அகத்தா உட்கார்ந்திருக்கிறாள். நீங்களேதான் வந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.