பக்கத்துச் சொற்கள்

பக்கவாதம் வந்து போன பிறகு வெங்கட்ராகவனுக்கு நடை திரும்பியது, இடது கை பிழைத்தது. சொற்கள் மட்டும் திரும்பவில்லை. திருச்சி கோர்ட்டுப் பத்திரங்களை இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு மாற்றிக்கொடுத்தே தலை நரைத்தவர், சாப்பாட்டில் உப்பு கேட்க வாயெடுத்து, "அது... அது..." என்று நின்றுவிடுவார். பொருள் தெரியும், பெயர் வராது. எழுத்தில் கண்டால் மட்டும் உடனே பிடித்துக்கொள்வார்.

வழி கண்டுபிடித்தவரும் அவரேதான். தொழிலுக்காக என்றோ வாங்கிய அகராதி சாஃப்ட்வேர் ஒன்று வீட்டுக் கம்ப்யூட்டரில் கிடந்தது. ஒரு சொல்லைத் தட்டினால் அர்த்தத்தோடு, அதற்கு இனமான சொற்களும் கீழே வந்து நிற்கும். வாயில் வந்த ஏதோ ஒரு சொல்லைத் தட்டுவார். கடலில் தொடங்கி, கரை, உவர் என்று நகர்ந்து, உப்பில் விரலை வைப்பார். "இதுக்கா இவ்வளவு நாழி?" என்பாள் மனைவி செண்பகவல்லி. ஒருநாள் ஏதோ கோபத்தில் வெகுநேரம் தேடி, 'பிடிவாதம்' என்ற சொல்லைக் காட்டினார். பிறகு அவளைக் காட்டினார். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

ஆனி மாதத்தில் அந்தக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து, மெயின்கார்டு கேட் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஷேக் தாவூதிடம் எடுத்துப் போனாள்.

"ஹார்டு டிஸ்க் போயிடுச்சு மாமி. சிடி இருக்கு, ஆனா புது கம்ப்யூட்டர் இதை ஏத்துக்காது. இதைச் செஞ்ச கம்பெனியும் இப்ப இல்ல."

"அதே மாதிரி வேற ஒண்ணு கிடைக்குமா பாய்? ஒரு வார்த்தை போட்டா அதோட அக்கம்பக்கத்து வார்த்தையெல்லாம் வரணும். அவர் பார்த்து எடுத்துப்பார்."

ஷேக் தாவூது நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "தேடித் தரேன் மாமி."

நிஜமாகவே தேடினார். போனில் ஏற்றிய ஒன்று, எழுத்துப் பிழை இருந்தால் வாயைத் திறக்காது. இன்னொன்று ஒரே ஓர் அர்த்தத்தைச் சொல்லிவிட்டு நகைக்கடன் விளம்பரம் காட்டியது. மூன்றாவது நன்றாக இருந்தது. புது லேப்டாப்பில் போட்டு, வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்.

வெங்கட்ராகவன் ஓர் எழுத்தைத் தட்டினார். சொற்கள் கொட்டின. அடுத்த எழுத்தைத் தட்டியதும் அத்தனையும் மாறிப்போயின. அவர் விரலைக் கொண்டுபோவதற்குள் சொல் இருந்த இடத்தில் வேறு சொல் இருந்தது. இரண்டு நாள் முயன்றார். பிறகு லேப்டாப்பைத் தானே மூடிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"வேகத்தைக் குறைக்க முடியுமா பாய்?" என்று லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டுபோய்க் கேட்டாள் செண்பகவல்லி.

"வேகமா வரலன்னுதான் எல்லாரும் திட்டுவாங்க மாமி. குடுத்துட்டுப் போங்க, பார்க்கிறேன்."

லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு வந்த அன்று சாயங்காலம், வெங்கட்ராகவன் எழுந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தார். எதையோ சொல்லியாக வேண்டும் என்று முகம் தவித்தது.

"பசிக்கறதா? வலிக்கறதா? பொண்ணு மேகனாவை ஊர்லேர்ந்து வரச் சொல்லட்டுமா? பெருமாளைச் சேவிக்கணுமா?"

எதுவும் இல்லை. தன்னைக் காட்டினார், அவளைக் காட்டினார், நெஞ்சில் கை வைத்தார்.

"பிரியமா? வருத்தமா? பயமா?"

பயம் என்றதும் தலை அசையப் பார்த்தது. பாதியில் நின்று, இல்லை என்றது.

"பக்கத்துல இருக்கு, இல்லையா? இருங்கோ, இருங்கோ. கவலையா? கலக்கமா? தனியா இருக்காப்பல இருக்கா?"

தனக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் வாரி வாரி அவர் முன் போட்டாள். போட்டதையே மறுபடியும் போட்டாள். குரல் கம்மிப்போனது. அவர் இடது கையை எடுத்து அவள் வாயை மெல்ல மூடினார்.

"போதும்" என்றார். பிசிறில்லாமல், பழைய குரலில்.

மறுநாள் காலை இரண்டாவது முறை வாதம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் அங்கேயே பரமபதித்தார்.

காரியங்களெல்லாம் முடிந்த பிறகு ஷேக் தாவூது வந்தார். கொண்டுவந்த பையைத் திறப்பதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

"சரி பண்ணிட்டேன் மாமி. நான் கொண்டு வர்றதுக்குள்ள..."

"போட்டுக் காட்டுங்கோ பாய்."

அவர் திறந்து வைத்தார். செண்பகவல்லி 'பயம்' என்று தட்டினாள். முழுச் சொல்லும் முடிகிற வரை திரை பொறுத்திருந்தது. பிறகு சொற்கள் வந்து, அசையாமல் நின்றன.

அவள் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். அச்சம். நடுக்கம். திகில். பதைப்பு. ஒவ்வொரு சொல்லுக்கும் சற்று நிறுத்தினாள். இல்லை என்று தலையாட்டக்கூட யாருமில்லை. அடுத்த சொல்லுக்கு விரலை நகர்த்தினாள்.